துள்ளி எங்கள் மலையில் பிறந்ததா

முதன்முதலில் அந்த முட்டையைப் பார்த்தபோது, யாரோ மஞ்சள் இலையில் குங்குமத்தைத் தொட்டு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். கடுகில் பாதி இருக்கும். நல்ல சிவப்பு. இலையின் மேல்பக்கம், நடு நரம்பை ஒட்டி, ஒன்றே ஒன்று. செய்வினையாக இருக்குமோ என்று மனம் ஓடியது. நான் அப்படித்தான். தாழ்ப்பாள் ஆடினால் திருடன், போன் அடித்தால் சாவு, இரண்டு நாள் இருமினால் காசநோய் என்று சின்ன வயதிலிருந்தே எதையாவது நினைத்துக் கலங்குகிறவள். ஆனால் அன்றைக்குச் செய்வினை என்று நினைத்துவிட்டு அதற்கு மேல் ஒன்றும் செய்யாமல் நின்றேன். பயப்பட வேண்டும் என்று தெரிந்தது. பயம் வரவில்லை. என் வீட்டுக்காரர் இறந்து நாலு மாதம் ஆகியிருந்தது.

அவர் கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியைக் கத்தியால் தறித்து மட்டப்படுத்துகிற வேலை அது. சித்திரை வருஷப் பிறப்பு கழிந்த வாரம் ஆறாம் நம்பர் மலையில் வெட்டிக்கொண்டிருந்தபோது குளவிக்கூடு கலைந்து கொட்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துபோனது. அதைப் பற்றி எழுத என்னிடம் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. மகள் கல்யாணம் கட்டி மடுல்சீமையில் இருக்கிறாள். கருமாதி முடிந்து அவளும் போனபிறகு லயத்துக் காம்பராவில், அந்த வரிசை வீட்டின் ஒற்றை அறையில், நான் ஒருத்திதான். எழும்பினேன், சமைத்தேன், கொழுந்தெடுக்கப் போனேன், வந்தேன், படுத்தேன். யாராவது எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் இருக்கிறேன் என்றேன். பொய் இல்லை.

மஞ்சள் பாத்தி லயத்துக்குப் பின்னால், தண்ணீர் ஓடுகிற கானுக்கும் கொய்யாமரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கடையில் மஞ்சள் கிடைக்காமல் போன வருஷங்களில் எங்கள் பக்கம் ஆளுக்கு ஆள் நடத் தொடங்கினார்கள். நாங்களும் நட்டோம். பிறகு மஞ்சள் கடைக்குத் திரும்பி வந்தது, பாத்தியும் அப்படியே இருந்துவிட்டது.

முட்டையைப் பார்த்த அதே வாரம், சனிக்கிழமை, நான் அதுவரை பார்த்திராத ஒரு பெண் வந்தார்; மிஸ் என்றுதான் கூப்பிட்டேன். முப்பது வயது இருக்கும். பதுளை டவுனில் அவருடைய வாப்பாவுக்குத் துணிக்கடை. பட்டம் படித்துவிட்டு, பூச்சிகளைப் பற்றி மேலே படித்துக்கொண்டிருந்தார். தலைக்குச் சால், காலுக்கு ரப்பர் பூட்ஸ், பூட்ஸின் வாய் முழுக்க அட்டை ஏறாமல் இருக்கச் சவர்க்காரம் தேய்த்திருந்தார். தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் என்றார்.

“அக்கா, இந்த மஞ்சள் ஒங்கடதா? கொஞ்சம் எறங்கிப் பாக்க ஏலுமா?”

“பாருங்க மிஸ். மிதிச்சிறாதீங்க, கெழங்கு மேலாப்ல இருக்கு.”

குனிந்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தவர், திடீரென்று அந்த ஈரத்திலேயே குந்திவிட்டார்.

“இந்தா ஈக்கி,” என்றார். “முட்டை ஈக்கி.” இருக்கு என்பதை அவர் அப்படித்தான் சொல்வார்.

பக்கத்துக் காம்பரா அக்கா அப்போது வெற்றிலையை மென்றுகொண்டு இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டு நின்றவர். லயத்தில் எது நடந்தாலும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் அவருக்கு வெற்றிலை சிவக்காது.

“பூச்சி முட்டை போட்டதுக்கா மிஸ் சேத்துல ஒக்காந்துட்டீங்க? எங்க வீட்டுக் கோழி தெனம் போடுது, வந்து பாக்குறீங்களா?”

மிஸ் சிரித்தார். அது ஒரு வண்ணாத்திப்பூச்சியின் முட்டை என்றார். துள்ளி என்கிற சாதி. மற்ற வண்ணாத்திப்பூச்சி மாதிரி மிதந்து போகாது, கல்லெறிந்த மாதிரி ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் துள்ளிப் போகும். கோப்பித்தூள் நிறம். பின்னிறக்கை ஒவ்வொன்றிலும் நடுவில் சுண்ணாம்பு அப்பிய மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை. விடியும்போதும் வெயில் சாயும்போதும்தான் கண்ணில் படும். மஞ்சள், இஞ்சி, காட்டு இஞ்சி இந்த மாதிரிச் செடிகளில் முட்டை போடும்.

“இங்கிலீஷ்ல இதுக்குப் பேய்னு பேரு அக்கா. புல்லுப் பேய்.”

“பேயா? அது வேற வேணுமா இந்த லயத்துக்கு,” என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா. “இருக்குற நாலு பேரையும் வெரட்டவா?”

மிஸ் போனில் ஒரு வரைபடத்தைக் காட்டினார். இந்தியாவில் இருக்கிறது, பர்மாவில் இருக்கிறது, சீனாவின் தெற்குப் பக்கம், ஜாவாத் தீவு வரைக்கும் இருக்கிறது. நம் நாட்டிலும் இருக்கிறது.

“அப்ப தென்னிந்தியாவுலருந்து வந்ததா மிஸ்?” என்று நான் கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டது.

“அதுக்கும் பிரஜாவுரிமை குடுத்துட்டாங்களான்னு கேளுடி,” என்றார் அக்கா. தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று எங்கள் தாத்தாமாருக்குப் பல வருஷம் அது கிடைக்காமலே இருந்தது.

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நானும் சிரிக்க வேண்டிய இடம் அது. பல்லைக் காட்டினேன்.

மிஸ்ஸுக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். நமுனுகுல மலையில் கீழே பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் இந்தத் துள்ளி பிறந்து வளர்வது தெரியும். மேலே எங்கள் உயரத்தில் அது பறப்பதையும் சிலர் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அது இந்தக் குளிரில் முட்டையிலிருந்து பூச்சியாகும்வரை வாழ்ந்து முடிக்கிறதா, இல்லை கீழே பிறந்து மேலே வந்துவிட்டுப் போகிறதா என்று யாரும் பார்த்து எழுதவில்லை. மிஸ் காகிதத்திலும் ஒரு வரைபடம் வைத்திருந்தார். பறந்ததை மட்டும் கண்ட இடத்துக்கு ஒரு சின்னக் கோடு. முட்டை, புழு, கூடு கண்ட இடத்துக்கு வட்டம். அங்கேயே கூட்டை விட்டுப் பூச்சி வெளியே வந்ததைக் கண்ட இடத்துக்குக் கறுப்புப் புள்ளி. எங்கள் மலையில் பென்சிலால் ஒரு கோடு இருந்தது.

“முட்டை கண்டுட்டம். ஆனா முட்டை போடுறது பெரிய விஷயமில்ல அக்கா. இங்கயே பூச்சியாகி வெளிய வரணும். அப்பதான் புள்ளி. நான் பதினாலு நாளைக்கு ஒருக்காத்தான் வர ஏலும். நீங்க தெனம் பாத்து எழுதுவீங்களா?”

“எனக்கு எழுத வராது மிஸ். ஏழாம் வகுப்போட நின்னுட்டேன்.”

“கண்ணு ஈக்குதானே. கண்டத எழுதுங்க.”

ஒரு நாற்பது பக்கக் கொப்பியும் பேனாவும் தந்தார். என் போன் பட்டன் போன், அதில் படம் எடுக்க முடியாது. அதனால் எழுத்துத்தான்.

கொப்பியை வாங்கியதிலிருந்து எனக்குப் புதிதாக ஒரு கவலை சேர்ந்தது. ஒரு நாள் மாறி எழுதிவிட்டால்? மழையில் நனைந்துவிட்டால்? கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி அரிசி வாளிக்குள் வைத்தேன். முதலில் கலண்டர்த் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் கொப்பியில் எழுதினேன். அது சுமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொன்னால்தான் மற்றவர்களுக்குத் தெரியும் என்கிற ஒன்று, அதுவரைக்கும் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. பெரட்டுக்கு, அதாவது விடியக்காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்கு, போகுமுன் பாத்தியில் ஒரு தடவை, வந்தபிறகு ஒரு தடவை என்று நின்றேன்.

மொத்தம் ஐந்து முட்டை. ஒவ்வொன்றும் வேறு வேறு செடியில். மிஸ் ஒவ்வொரு இலைக்காம்பிலும் சிவப்பு நூல் கட்டிவிட்டுப் போனார். முட்டையின் சிவப்பு நாளாக நாளாக வெளுத்து, உச்சியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. அது புழுவின் தலை என்று பிறகுதான் விளங்கியது. ஒன்றை எறும்பு கொண்டுபோய்விட்டது. அதை எழுதினேன். “எறும்பு.” மற்ற நாலும் பொரித்தன. பொரித்த புழு முட்டை ஓட்டைத் தின்றது. நூல் மாதிரி வெளுத்த உடம்பு, மிளகுத்தூள் மாதிரி ஒரு தலை. அது நேரே இலையின் ஓரத்துக்குப் போய் இரண்டு வெட்டு வெட்டி, அந்தத் துண்டை மடக்கித் தன்மேல் போட்டு, வாயிலிருந்து வந்த பட்டு நூலால் தைத்துக்கொண்டது. ஒரு காலைப்பொழுதில் அதற்கு வீடு ஆகிவிட்டது.

மடித்த இலையைப் பார்த்ததும் என் கை தானாகப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டேன்.

காரணம் இருக்கிறது. தேயிலையிலும் இலையைச் சுருட்டுகிற புழு ஒன்று உண்டு. சுருட்டுப்புழு என்போம். அது பரவினால் கொழுந்து போய்விடும். நான் படிப்பை விட்டு மலைக்குப் போன புதிதில் எங்களைத் தனியாகப் பிரித்துச் சுருள் பொறுக்க விடுவார்கள். சுருண்ட இலையைக் கண்டால் யோசிக்கக் கூடாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, உள்ளே உடைவது தெரியும்வரை நசுக்க வேண்டும். பிறகு பெரியவளாகிக் கொழுந்தெடுக்கும்போதும் அப்படித்தான். கண் கொழுந்தைப் பார்க்கும், கை போகிற போக்கில் சுருளை நசுக்கிவிட்டுப் போகும். முப்பது வருஷப் பழக்கம். இதை மிஸ்ஸிடம் சொன்னேன்.

“அப்ப கைய பொறத்தால கட்டிட்டுப் பாருங்க அக்கா,” என்றார் சிரித்துக்கொண்டே.

அப்படியே செய்தேன். பாத்திக்குப் போனால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன்.

“பாரு, தொரை மாதிரி நிக்கிறா,” என்பார் பக்கத்துக் காம்பரா அக்கா. “புழுவுக்கு நூல் கட்டிக் காவல் நிக்கிறியே, நாளைக்குத் தொட்டில் கட்டுவியா?”

புழு வளர வளரப் பழைய மடிப்பை விட்டுவிட்டுப் பெரிய மடிப்புக்குப் போனது. உடம்பு பச்சை. கண்ணாடி மாதிரி, உள்ளே போகிற சாப்பாடுகூடத் தெரியும். தலை மட்டும் கறுப்பாக, எண்ணெய் தேய்த்த மாதிரி. இலையைத் தின்றுவிட்டு மறுபடி உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். எச்சத்தைத் தன் வீட்டுக்குள் வைக்காது. பின்பக்கத்தை வாசலுக்கு நீட்டித் தூர எறியும். அதை ஒரு தடவை நேரில் கண்டேன். அடுத்த செடியில் போய் விழுந்தது. அன்றைக்குக் கொப்பியில் அரைப்பக்கம் எழுதினேன். மிஸ் அதை வாசித்துவிட்டு, புத்தகத்தில் போட்டிருப்பதைவிட நன்றாக இருக்கிறது என்றார். எனக்கு என்ன தோன்ற வேண்டும் என்று தெரியாமல் தேத்தண்ணீர் ஊற்றப் போனேன்.

கீழ்நாட்டில் இரண்டு மூன்று வாரத்தில் முடிகிற வளர்ச்சி எங்கள் குளிரில் இழுத்துக்கொண்டே போனது. குளிருக்கு எல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்றார் மிஸ். பாதுகாப்புக்காக இரண்டு செடிகளுக்குக் கொசுவலைத் துணியில் பை தைத்துக் கட்டினார். அடுத்த வாரமே குரங்கு வந்து, பைக்குள் என்னவோ கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அந்த இரண்டு செடிகளையும் கிழங்கோடு பிடுங்கிப்போட்டது. “குரங்கு. இரண்டு.” அதன்பிறகு பை கட்டவில்லை.

மீதி இரண்டு புழுவில் ஒன்று ஒருநாள் அசையாமல் கிடந்தது. முதுகில் அரிசிக் குறுணை மாதிரி வெள்ளைக் கூடுகள். சில நாளில் அவற்றிலிருந்து கறுப்பாக, கொசுவைவிடச் சின்னதாக என்னவோ வெளியே வந்து பறந்தன. மிஸ் வந்தபோது அந்தக் கூடுகளைப் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது குளவி அக்கா. சின்ன சாதிக் குளவி. புழுட ஒடம்புக்குள்ள முட்டை போட்டிரும். மனுசரக் கொட்டாது,” என்றவர், சொல்லி முடித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் எப்படிப் போனார் என்று பக்கத்துக் காம்பரா அக்கா அவரிடம் சொல்லியிருந்தார்.

“எழுதிக்கிறேன் மிஸ்,” என்றேன். “குளவி” என்று எழுதினேன்.

ஆக மிஞ்சியது ஒன்று. அது கானோரத்துச் செடியில் இருந்தது. ஐப்பசி மழை தொடங்கியிருந்த நேரம், அது முழு இலையையும் குழலாகச் சுருட்டி உள்பக்கம் வெள்ளைப் பொடி பூசி, புழுத் தோலைக் கழற்றிவிட்டுக் கூட்டுப்புழுவாக மாறியது. மிஸ் வந்து சுருளின் வாயைக் கொஞ்சமாக விலக்கிக் காட்டினார். இளம் பச்சை, மேலே மா தூவிய மாதிரி. வால் பக்கம் நூல் போல ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

“அது தேன் குடிக்கிற குழல் அக்கா. ஒடம்ப விட நீளம். இப்பவே செஞ்சு வச்சிரிச்சு.”

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, இந்த மாசக் கடைசியில் வரைபடத்தைக் கொடுத்துவிட வேண்டும், மஞ்சள் இலையும் இனிப் பழுத்துவிடும், வேறு முட்டை வராது என்றார்.

“இதுதான் கடைசி. ஒரு நாளைக்கு நீங்க வந்து பாக்கச்சொல்ல வெறுங்கூடு ஈக்கும். பக்கத்துல பூச்சி ரெக்கைய காயவச்சிட்டு ஈக்கும். அத உங்கட கண்ணால கண்டா போதும். ஒடனே எனக்கு மிஸ்கோல் ஒண்டு குடுங்க.”

“பூனை புடிச்சிருச்சுன்னா மிஸ்?”

“ஒண்டும் நடக்காது அக்கா.”

எனக்கு மனதுக்குள் நூறு நடந்தது. பூனை, கோழி, மழை, மண்சரிவு, மறுபடி குரங்கு, பக்கத்துக் காம்பரா அக்காவின் பேரப்பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது செய்தேன். சுற்றிலும் முள் வைத்தேன். கானை வெட்டி ஆழப்படுத்தினேன். கோழியை அடைத்து வைக்கச் சொல்லி அக்காவிடம் ஏச்சு வாங்கினேன். என் கையைத் தவிர எல்லாவற்றுக்கும் காவல் வைத்தேன்.

ஒரு புதன்கிழமை காலையில் சுருளின் வாயை ஈர்க்கால் விலக்கிப் பார்த்தபோது கூடு கறுத்திருந்தது. மேல்தோல் வழியாக இறக்கை தெரிந்தது, இறக்கையில் வெள்ளைப் பட்டையும் தெரிந்தது. கொப்பியில் எழுதிவிட்டுப் பெரட்டுக்குப் போனேன்.

கங்காணி ஆட்களைப் பிரித்துக்கொண்டே வந்தவர் என்னிடம் வந்ததும் நிறுத்தினார்.

“இன்னைக்கு ஆறாம் நம்பர் தங்கச்சி. வேணும்னா ஒன்ன மட்டும் எட்டாம் நம்பருக்கு மாத்திவிடவா?”

“வேணாங்க. போறேன்.”

“குளவிக்கூடெல்லாம் எடுத்தாச்சு. பொகை போட்டு நானே நின்னு பாத்தேன்.”

“சரிங்க.”

ஏப்ரலுக்குப் பிறகு நான் ஆறாம் நம்பருக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் வெட்டிய செடிகள் துளிர்த்து எடுக்கிற பக்குவத்துக்கு வந்திருந்தன. எந்த இடம் வரை வெட்டியிருந்தார் என்பது நன்றாகத் தெரிந்தது. ஒரு நிரையில் நடுச்செடி வரைக்கும் மட்டம், அதற்கு அப்புறம் வேறு ஆள் வெட்டிய வேறு மட்டம். நான் அந்த நிரையில்தான் எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. பின்னால் யாரோ, “எப்படித்தான் கல்லு மாதிரி நின்னு எடுக்குறாளோ,” என்றது காதில் விழுந்தது. நிறுவையில் எனக்கு ஒரு குறையும் இல்லை. கங்காணி, நல்லா எடுத்திருக்கே என்றார்.

பின்னேரம், நனையாமல் இடுப்பில் சுற்றிக் கட்டுகிற படங்கைக்கூட அவிழ்க்காமல் நேரே பாத்திக்குப் போனேன். மூட்டம் இறங்கியிருந்தது. கானோரத்தில் நின்றேன். எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த நிரையின் நடுச்செடி மட்டும் கண்ணில் இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. விரலில் ஈரம் பட்டபோது குனிந்து பார்த்தேன்.

சுருளைப் பிடித்திருந்தேன். நசுக்கியிருந்தேன். உள்ளே உடைந்தது விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. கட்டைவிரலில் தவிட்டு நிறத்தில் ஒரு தண்ணீர். சுருளைப் பிரித்தேன். இறக்கை ஈரத்தோடு மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைப் பட்டை சுத்தமாக இருந்தது.

நான் அழவில்லை. அதைத் தீப்பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை அடுப்பு மேடையில் வைத்தேன். படங்கை அவிழ்த்துக் காயப்போட்டேன். இரவைக்கு ரொட்டி சுட்டேன்.

அடுத்த நாள் நான் பாத்திப் பக்கம் போகாததைப் பக்கத்துக் காம்பரா அக்கா பார்த்துவிட்டார்.

“என்னடி, பிள்ளை பொறந்துச்சா?”

சொன்னேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“செத்தது பூச்சிதான்டி. பறந்துருச்சுன்னு எழுதிப்புட்டுப் போ. ஒன்ன கோர்ட்டுக்கா இழுக்கப்போறாங்க?”

“அது பொய்க்கா.”

“என்ன பொய்? ரெக்கை தெரிஞ்சுச்சுன்னு நீயே சொன்னே. இன்னைக்குப் பறந்திருக்கும்ல? பறக்க வேண்டியதப் பறந்துச்சுன்னு எழுதுறே. அந்தப் புள்ளையும் எத்தனை நாளு சேத்துல நடந்து வந்துச்சு. அதுக்கு ஒரு புள்ளி கெடச்சா ஒனக்கென்ன?”

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க எனக்குத் தெரியவில்லை. எங்கள் மலையில் அது பிறக்கும் என்பது உண்மைதானே. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் பிறந்திருக்கும். நான் பறந்தது என்று எழுத உட்கார்ந்தேன். எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், இறக்கை காய எவ்வளவு நேரம் என்று மிஸ் கேட்பார். ஒவ்வொன்றுக்கும் பதில் தயார் பண்ணினேன். வெயில் ஏறுமுன். கொய்யாமரத்துப் பக்கம். ஒரு சோறு வடிக்கிற நேரம். முதலில் இலை நுனிவரை நடந்து வந்து நின்றது. தயார் பண்ணப் பண்ண அது எனக்குக் கண்ணில் தெரியவே தொடங்கியது. பதில்கள் எல்லாம் நன்றாகவே இருந்தன. அதனால்தான் பேனாவை வைத்துவிட்டேன்.

மிஸ்கோல் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கொப்பி வெறுமையாகக் கிடந்தது. மிஸ்ஸின் படிப்பு என்னால் நின்றுவிடும் என்று நினைத்தேன். ஆபீசில் சொல்லி விசாரிப்பார்கள் என்று நினைத்தேன். அவருடைய வாப்பா கடையிலிருந்து ஆள் வரும் என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, கலண்டர்த் தாளில் எழுதிப் பார்க்காமல் நேரே கொப்பியில் எழுதினேன்.

“புதன். பின்னேரம். கூட்டை நான் நசுக்கிவிட்டேன். நினைத்துச் செய்யவில்லை. உள்ளே பூச்சி இருந்தது. வெள்ளைப் பட்டை இருந்தது.”

சனிக்கிழமை மழையோடு மிஸ் வந்தார். குடையை மடக்குமுன்னமே, “வந்திச்சா அக்கா?” என்றார். நான் கொப்பியை நீட்டினேன். இஸ்தோப்பில் நின்றபடியே வாசித்தார். வாசித்து முடித்தபிறகும் கண் அந்தப் பக்கத்திலேயே இருந்தது.

“ஏசுங்க மிஸ்,” என்றேன்.

“என்னத்துக்கு ஏச?”

ஆனால் உட்கார்ந்தபோது அவருடைய கண் சிவந்திருந்தது. தீப்பெட்டியைக் கேட்டார். ஊசியால் மெல்ல விலக்கி, சின்னக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

“பொண்,” என்றார். பிறகு, “அடுத்த நாளே வந்திருக்கும்,” என்றார். அதைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று அவருக்கே பட்டிருக்க வேண்டும். பெட்டியை மூடிவிட்டார்.

பக்கத்துக் காம்பரா அக்கா கதவோரம் வந்து நின்றார். “வந்திருக்கும்னு நீங்களே சொல்றீங்கள்ல மிஸ். அப்பப் புள்ளிய வச்சிற வேண்டியதுதானே. இவ எழுதுனத நானும் பாக்கல, நீங்களும் பாக்கல.”

“ஏலாது அக்கா,” என்றார் மிஸ்.

காகித வரைபடத்தைத் தொடையில் விரித்தார். எங்கள் மலையில் இருந்த பென்சில் கோட்டை அழித்தார். அழித்த தூளை ஊதிவிட்டு, அந்த இடத்தில் ஒரு வட்டம் போட்டார். கீழே பதுளைப் பக்கம் கறுப்புப் புள்ளிகள் நெருக்கமாக இருந்தன. மேலே எங்களுடையது மட்டும் உள்ளே வெள்ளையாக இருந்தது. இனி அதை மாற்ற முடியாது, திங்கட்கிழமை கொடுத்துவிடுவேன் என்றார்.

“வட்டம்னாலும் ஏறிருச்சுல்ல,” என்றார் பக்கத்துக் காம்பரா அக்கா.

வரைபடத்தோடு ஒரு அட்டவணையும் இருந்தது. ஐந்து முட்டைக்கும் ஐந்து வரி. ஒவ்வொன்றும் எப்படி முடிந்தது என்று கடைசியில் ஒரு கட்டம். என் கொப்பியைப் பார்த்துப் பார்த்து மிஸ் நிரப்பினார். எறும்பு. குரங்கு. குரங்கு. குளவி. ஐந்தாவது கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“விபத்துன்னு போடவா அக்கா?”

அந்தச் சொல்லை நான் இந்த வருஷம் ஏற்கனவே என் வீட்டுக்காரர் பெயர் போட்ட ஒரு கடதாசியில் வாசித்திருந்தேன். அதில் கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றும் ஞாபகம் இல்லை.

“வேணாம் மிஸ்,” என்றேன். “எறும்பு, குரங்கு, குளவின்னு எழுதுனீங்கள்ல. அது மாதிரி என் கைன்னு எழுதுங்க.”

மிஸ் எழுதினார். ஒவ்வொரு எழுத்தாக விழுவதை நான் பார்த்தேன். மை காயும்வரை அவர் அந்தக் கட்டத்தைத் தொடாமல் தாளைப் பிடித்திருந்தார். மழை விடுகிற மாதிரித் தெரியவில்லை. மிஸ்ஸின் பூட்ஸில் ஒரு அட்டை ஏறிக்கொண்டிருந்தது. நான் உப்பு எடுத்து வர உள்ளே போனேன்.